பியாதாவும் பியூனும்

ஆங்கிலத்தில் கீழ்நிலை ஏவலாளைக் குறிக்கும் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. அண்டர்லிங், மினியன், லாக்கி, ஃப்ளங்க்கி, மீனியல் என்று நீளும் அவ்வரிசையில் ஒவ்வொரு சொல்லிலும் ஏதோ ஓர் அளவில் இகழ்ச்சி கலந்திருக்கிறது. உருது பேசும் ஒருவர் ஆங்கிலம் கற்கும்போது இவற்றுக்கெல்லாம் அகராதியைப் புரட்டவேண்டியிருக்கும். ஒரே ஒரு சொல்லை மட்டும் அவர் அகராதியின்றியே கடந்துவிடுவார். அது பியூன். லாகூர், லக்னோ, ஹைதராபாத் என்று எவ்வூருக்குப் போனாலும் அலுவலக வாசலில் முக்காலியிட்டு அமர்ந்திருப்பவர். மணியோசை கேட்டதும் எழுந்து உள்ளே போகிறவர். கோப்புகளையும் தேநீரையும் ஒரே நடையில் கொண்டுசேர்ப்பவர். உருதுவில் அவர் சப்ராசி. பியூன் என்றால் சப்ராசி, சப்ராசி என்றால் பியூன். விஷயம் முடிந்தது என்று தோன்றும்.

முடியவில்லை என்றுதான் நமக்குப் படுகிறது. அமெரிக்கர் ஒருவர் தம்மை "வெறும் பீயான்" என்று கசப்போடு சொல்லிக்கொள்ளும்போது அலுவலக வாசலின் முக்காலி அவர் நினைவில் இல்லை. அமெரிக்கத் தென்மாநிலங்களின் சரித்திரத்தில் "பீயனேஜ்" என்றொரு சொல் அடிக்கடி வரும். அங்கே சப்ராசி என்ற சொல்லை வைத்துப் படிக்கும் உருது வாசகர், ஒரு பெருங்கொடுமையை ஒரு கோப்பைத் தேநீராகக் குறுக்கிவிடுகிறார். உருதுவில் இந்தச் சொல்லுக்கு ஒன்றல்ல, மூன்று இணைகள் உண்டு. மூன்றும் மூன்று வெவ்வேறு மனிதர்களைக் காட்டுகின்றன.

முதலாவது, வேரோடு வேராகப் பொருந்தும் இணை. லத்தீனில் பெஸ் என்றால் பாதம். பிற்கால லத்தீனில் குதிரையில்லாமல் காலால் நடந்து போரிடுபவனுக்கு அதிலிருந்து ஒரு பெயர் பிறந்தது. போர்த்துகீசிய மொழியின் பியாவ், ஸ்பானியத்தின் பெயோன், பிரெஞ்சின் பியோன் எல்லாம் அதன் பிள்ளைகள். சதுரங்கப் பலகையின் முன்வரிசைக் காய்க்கு ஆங்கிலத்தில் வழங்கும் பான் என்ற சொல்லும் அந்த வீட்டுப் பிள்ளைதான். அதே வயிற்றில் பிறந்து மிகவும் கௌரவமான இடத்துக்குப் போய்விட்ட இன்னொரு பிள்ளை பயனியர். இன்று நாம் முன்னோடி என்று பெயர்க்கும் அந்தச் சொல், படைக்கு முன்னால் மண்வெட்டியோடு போய் வழி வெட்டிக் கொடுத்த காலாளைத்தான் முதலில் குறித்தது.

இந்தப் பக்கத்திலும் இதே கதை. சமஸ்கிருதத்தில் பதாதி, பாரசீகத்தில் பியாதா. இரண்டும் காலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தவை. இரண்டுக்கும் காலாட்படையாள் என்பது பொருள். பியாதா பாரசீகத்திலிருந்து அப்படியே உருதுவில் நுழைந்தது. சதுரங்கக் காயும் பியாதா, நடந்து செல்பவனும் பியாதா, கச்சேரியிலிருந்து அழைப்பாணை கொண்டுவருகிறவனும் பியாதா. ஐரோப்பிய மொழிகளும் பாரசீகமும் ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் லிஸ்பனில் ஒருவன் பியாவ் என்று சொன்னதும் தில்லியில் ஒருவன் பியாதா என்று சொன்னதும் பங்காளிச் சொற்கள். உறவு அற்றுப்போன பங்காளிகள் சில ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியக் கடற்கரையில் சந்தித்தார்கள். ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. (தமிழின் காலாள் இக்குடும்பத்தைச் சேர்ந்தது அன்று. ஆனால் சொல்லைக் கட்டிய முறை அச்சாக அதுவேதான். குதிரை இல்லாதவனைக் காலைக் கொண்டு அடையாளம் சொல்வது எல்லா மொழிக்காரர்களுக்கும் எளிதாக இருந்திருக்கிறது.)

முகலாயர் காலத்தில் பியாதா என்ற சொல் எவ்வளவு அகலமாக இருந்தது என்பதை அபுல் ஃபஸல் எழுதிய ஆயினி அக்பரியில் பார்க்கலாம். காலாட்களைப் பற்றி அதில் தனிப்பகுதி உண்டு. துப்பாக்கிக்காரர்களோடு நில்லாமல், அரண்மனை வாயில் காப்போர், செய்தி கொண்டு ஓடுவோர், வாள்வித்தைக்காரர், மல்லர், பல்லக்குத் தூக்கும் கஹார்கள் எல்லாரையும் அந்தத் தலைப்பின் கீழே அவர் அடுக்குகிறார். போர்வீரனுக்கும் ஏவலாளுக்கும் இடையே அன்று கோடு கிழிக்கப்படவில்லை. குதிரை உள்ளவன் ஒரு பக்கம், இல்லாதவன் மறுபக்கம், அவ்வளவுதான் பாகுபாடு.

அதே பகுதியில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அடிமை என்று பொருள்படும் பந்தா என்ற சொல் அக்பருக்குப் பிடிக்கவில்லையாம். ஆண்டவன் என்ற பெயர் இறைவன் ஒருவனுக்கே உரியது, மனிதன் மனிதனுக்கு அடிமை என்று எப்படிச் சொல்வது என்பது அவர் கருத்து. எனவே தம் அடிமைகளைச் சேலா, அதாவது சீடர், என்று அழைக்கச் சொன்னார். துப்புரவு செய்வோருக்கும் ஹலால்கோர், நேர்மையாய் உழைத்து உண்பவர், என்ற பெயரை அவரே வழக்குக்குக் கொண்டுவந்ததாக அபுல் ஃபஸல் எழுதுகிறார். அக்பரின் எண்ணத்தை நாம் ஐயப்படவில்லை. ஆனால் ஹலால்கோர் என்ற சொல்லுக்கு நேர்ந்ததை இந்துஸ்தானி அறிந்தவர்கள் அறிவர். சில தலைமுறைகளுக்குள் அதுவும் ஒரு சாதிப் பெயராகி, இழிவு அதன்மேலும் வந்து உட்கார்ந்துகொண்டது.

இந்த இறக்கத்துக்கு உருதுவில் எடுத்துக்காட்டுகள் மலிந்து கிடக்கின்றன. கான்சாமான் முகலாய ஆட்சியில் அரண்மனைச் செலவினங்கள் அனைத்துக்கும் பொறுப்பான மிகப்பெரிய அதிகாரி. ஆங்கிலேயரின் பங்களாவுக்குள் வந்தபோது அவர் சமையற்காரராகிவிட்டார். ஜமேதார் ஒரு படைப்பிரிவின் தலைவர். இன்று வட இந்திய நகரங்களில் தெருக்கூட்டுபவரை அப்படி அழைக்கிறார்கள். மேத்தர் என்ற பாரசீகச் சொல்லுக்குப் பெரியவன், தலைவன் என்று பொருள். சித்ராலின் மன்னர்கள் மேத்தர் என்ற பட்டத்தையே தரித்திருந்தார்கள். 1969இல் அச்சமஸ்தானம் பாகிஸ்தானோடு முற்றிலும் இணைக்கப்படும் வரை அது அரசபட்டம். அதே ஆண்டில் தில்லியிலோ கராச்சியிலோ மேத்தர் என்று குரல் கொடுத்தால் வாளியும் துடைப்பமுமாக ஒருவர் வந்து நின்றிருப்பார். நௌகர் என்ற சொல்லின் தோற்றம் இன்னும் வியப்பானது. மங்கோலிய மொழியில் நோக்கர் என்பவன் தலைவனோடு தோளோடு தோள் நிற்கும் தோழன். தானே விரும்பி ஒரு தலைவனைத் தேர்ந்துகொண்ட சுதந்திர வீரன். பாரசீகம் வழியாக இந்துஸ்தானத்துக்கு வந்து சேர்வதற்குள் அவன் கூலிக்கு வேலை செய்கிற நௌகர் ஆகிவிட்டான்.

தமிழர்கள் சிரிக்கவேண்டியதில்லை. சேவகம் என்றால் பழந்தமிழில் வீரம். கம்பரும் மாணிக்கவாசகரும் சேவகன் என்று சொன்னால் அது வீரனைக் குறித்தது. இராமனுக்கும் சிவனுக்கும் அந்தப் பெயர் பொருந்திற்று. கச்சேரி வாசலில் நிற்பவனுக்கு அதே பெயர் எப்படி வந்தது என்று இந்தப் பியாதாவின் கதையைப் படித்தால் ஒருவாறு விளங்கும்.

ஆனாலும் கீழே போவதுதான் சொற்களின் விதி என்று நாம் நினைத்துவிடக்கூடாது. ஆங்கிலத்தில் நேவ், நைட் என்று இரண்டு சொற்கள். ஆதியில் இரண்டுக்கும் பையன், ஏவலாள் என்ற பொருள்தான். முதலாமவன் அயோக்கியன் ஆனான். இரண்டாமவன் கவசமணிந்த பிரபுவானான். மார்ஷல் என்பவன் முதலில் குதிரைகளைப் பார்த்துக்கொண்ட வேலையாள். மினியன் என்பது பிரெஞ்சில் செல்லப்பிள்ளை என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் வசைச்சொல் ஆயிற்று. அரசனின் குதிரைக்கு அருகில் நின்றவன் ஏறினான், கதவுக்கு அருகில் நின்றவன் இறங்கினான் என்று சொல்லலாம் போலிருக்கிறது.

கதவுக்கு அருகில் நின்றவனிடம் வருவோம். போர்த்துகீசியர் இந்த மண்ணில் தாம் கண்ட உள்ளூர்க் காலாட்களைத் தம் மொழியில் பியாவ் என்றார்கள். அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் அச்சொல்லை வாங்கிக்கொண்டார்கள். சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் 17ஆம் நூற்றாண்டுப் பதிவுகளில் பெத்த நாயக்கரும் அவருடைய பியூன்களும் வருகிறார்கள். கறுப்பர் நகரத்தைக் காவல் காத்த பரம்பரைக் காவல் தலைவர் அவர். சென்னையின் பெத்தநாயக்கன்பேட்டை அவர் பெயரால் அமைந்தது. அந்தப் பியூன்கள் ஆயுதம் தாங்கியவர்கள். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் கும்பினியார் உள்ளூர் வீரர்களுக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுக்கத் தொடங்கியபோது, பயிற்சி பெற்றவர்களுக்குச் சிப்பாய் என்ற பெயர் நிலைத்தது. அதுவும் பாரசீகத்திலிருந்து வந்ததே. பயிற்சிக்கு வெளியே நின்றவர்களிடம் பியூன் என்ற பழைய பெயர் தங்கிவிட்டது. போர்க்களம் கைவிட்டுப் போனபின் வரி வசூலும், காவலும், கடிதம் சுமப்பதும் அவர்கள் வேலையாயின.

யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் என்ற புகழ்பெற்ற சொற்களஞ்சியம் இந்த ஆளுக்கு மூன்று மாகாணங்களில் மூன்று பெயர்கள் இருந்ததைப் பதிவு செய்கிறது. சென்னையில் பியூன், பம்பாயில் பட்டிவாலா, வங்காள மாகாணத்தில் சப்ராசி. உருது வழங்கிய நிலம் அன்று பெரும்பாலும் வங்காள மாகாணத்தின் ஆளுகையில் இருந்தமையால் உருதுவுக்குச் சப்ராசி வாய்த்தது. (பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், நூல் அச்சாகி வருவதற்கு முன்பே 1882இல் இறந்துபோனார்.) சப்ராஸ் என்பது இடைவாரில் அல்லது தோள்வாரில் பொருத்திய பித்தளை வில்லை. எந்த அலுவலகத்தின் ஆள் என்பது அதில் பொறிக்கப்பட்டிருக்கும். பழைய வில்லைகளில் மேலே ஆங்கில எழுத்தும் கீழே உருது எழுத்துமாக இருப்பதைக் காணலாம். இடம் வலம் என்று பொருள்படும் சப்-ஓ-ராஸ்த் என்ற பாரசீகத் தொடரே சப்ராஸ் ஆயிற்று என்று சொல்வதுண்டு. வார் குறுக்காகப் போவதால் அப்படிப் பெயர் வந்திருக்கலாம். ஹாப்சன்-ஜாப்சன்காரர்கள் அதைப் பொதுமக்கள் சொல்லும் விளக்கமாகவே குறிப்பிட்டுச் சற்றுத் தள்ளி நிற்கிறார்கள்.

பம்பாய்ப் பெயரும் வாரைத்தான் சொல்கிறது. நம் பழைய நாவல்களில் வருகிற வில்லைச் சேவகனும் டவாலிச் சேவகனும் அப்படியே. டவாலி என்பது தோல்வாரைக் குறிக்கும் பாரசீகச் சொல்லின் வழி வந்தது. ஆக, சென்னையின் ஆங்கிலப் பெயர் காலைப் பார்த்தது. மற்றப் பெயர்கள் எல்லாம் வாரைப் பார்த்தன. இந்த வேறுபாடு நமக்கு முக்கியமாகப் படுகிறது. காலாள் என்பது அவனிடம் இல்லாததைச் சொல்லும் பெயர். சப்ராசி என்பது அவனிடம் இருப்பதைச் சொல்லும் பெயர்.

அவனிடம் இருந்தது என்ன? கதவு இருந்தது. துரையைப் பார்க்க வந்த ரயீஸ், வக்கீல், ஜமீன்தார் யாராயினும் சப்ராசியின் முகத்தைப் பார்த்துத்தான் உள்ளே போகவேண்டும். பெயர்ச்சீட்டை உடனே கொண்டுபோவதும், துரை குளித்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்லிவிடுவதும் அவன் விருப்பம். பெருநாள்களில் இனாம் கொடுக்காதவன் அடுத்தமுறை வெயிலில் நிற்பான். கிராமத்துக்குப் போகும் பியாதாவுக்குத் தலபானா என்றொரு கட்டணம் உண்டு. அழைப்பாணை கொண்டுவந்ததற்கான செலவை அழைக்கப்பட்டவன் தலையில் கட்டும் ஏற்பாடு அது. பாக்கி வைத்தவன் வீட்டில் பியாதாவைக் குடியிருத்தினால் பாக்கி வருகிறவரை அவனுக்குச் சோறும் படியும் அந்த வீட்டுக்காரனே தரவேண்டியதுதான். வட இந்திய நீதிமன்றங்களில் தல்பானா என்ற சொல் கட்டணப் பெயராக நெடுங்காலம் நிலைத்துவிட்டது.

இந்த அதிகாரம் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு மிகக் கொடிய சான்று சென்னை மாகாணத்திலிருந்து கிடைக்கிறது. நில வரி வசூலில் சித்திரவதை நடக்கிறதா என்று விசாரிக்க அமைக்கப்பட்ட ஆணையம் 1855இல் தன் அறிக்கையைத் தந்தது. ஏறத்தாழ இரண்டாயிரம் முறையீடுகள் அதன்முன் வந்தன. விரல்களைக் கட்டைகளின் இடையே வைத்து நெரிக்கும் கிட்டி, தலையைக் காலோடு குனியக் கட்டி வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாள் என்பவை ஆங்கில அறிக்கையில் தமிழ்ப் பெயரோடேயே ஏறின. இவற்றைச் செய்த கைகள் பெரும்பாலும் பியூன்களின் கைகள். வரி வசூலிப்பவனும் காவல் காப்பவனும் அன்று ஒரே ஆள். தாசில்தார் ஏவினார், கலெக்டர் வசூல் கணக்கை மட்டும் பார்த்தார், நடுவில் கிட்டியைத் திருகியவன் பியூன். 1857இல் கார்ல் மார்க்ஸ் நியூயார்க் செய்தித்தாள் ஒன்றில் இந்த அறிக்கையை வைத்து எழுதினார். 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் சென்னை மாகாணத்தில் காவலையும் வருவாயையும் பிரித்தது. கிட்டியைத் திருகியவனும் கிட்டியில் விரல் கொடுத்தவனும் பெரும்பாலும் ஒரே ஊரின் ஏழைகள் என்பதை அந்த அறிக்கையைப் படிப்பவர் கவனிக்காமல் இருக்கமுடியாது.

சதுரங்கத்தைத் தொடாமல் பியாதாவை விட மனமில்லை. இந்தியச் சதுரங்கத்தில் பியாதா எப்போதும் ஒரே கட்டம்தான் நகரும். கடைசி வரிசையை எட்டினால் ஃபர்ஸீன், அதாவது அமைச்சன், ஆகலாம். பழைய ஆட்டத்தில் அமைச்சன் குறுக்காகவே நகர்வான். எனவே பதவி வந்ததும் பியாதா கோணலாக நடக்கத் தொடங்கிவிட்டான் என்பது இந்துஸ்தானியின் நெடுநாள் கேலி. ரஹீமின் தோஹா ஒன்றிலும் அது உண்டு. 1856இல் அவத் பறிபோகும்போது சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த இரண்டு லக்னோ பிரபுக்களைப் பற்றி பிரேம்சந்த் 1924இல் எழுதிய கதையைச் சத்யஜித் ராய் 1977இல் படமாக்கினார். அந்தப் படத்தில் ஆங்கிலேயர் ஆடும் முறையைப் பற்றி ஒரு பேச்சு வரும். அங்கே அமைச்சனுக்குப் பதில் ராணி. பியாதா முதல் நகர்வில் இரண்டு கட்டம் போகலாம். பிரபுக்களுக்கு இது அவசரமாகப் படுகிறது. பியூனுக்கும் பியாதாவுக்கும் உள்ள தூரத்தை அளக்க அந்தக் காட்சி ஒன்றே போதும் என்பது நம் நண்பர்களிடையே அடிக்கடி எழும் பேச்சு.

ஆங்கிலேயர் போனபின் இந்தப் பெயர்களையெல்லாம் மாற்றும் வேலை தொடங்கியது. அதற்கு முன் அரசுப்பணியின் கடைசி அடுக்குக்கு ஆங்கிலத்தில் இன்ஃபீரியர் சர்வீஸ் என்றே பெயர், தாழ்ந்த பணி. அதை ஒளிவுமறைவின்றி விதிகளில் எழுதி வைத்திருந்தார்கள். 1946இல் அமைக்கப்பட்டு 1947இல் அறிக்கை தந்த முதல் மத்திய ஊதியக் குழுவின் தலைவர் சீனிவாச வரதாச்சாரியார், சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். தாழ்ந்த பணி என்ற பெயரை நீக்கி நான்காம் வகுப்பு என்று வைக்கச் சொன்னது அந்தக் குழுதான். அகவிலைப்படியோடு சேர்த்து மாதம் 55 ரூபாய் குறைந்தபட்ச ஊதியம் என்றும் அது வகுத்தது. பெயரைவிட அந்த 55 ரூபாய்தான் பெரிய மரியாதை என்று நாம் கருதுகிறோம். பின்னர் வகுப்பு என்பதும் பிடிக்காமல் 1970களில் டி பிரிவு ஆயிற்று. ஆறாவது ஊதியக் குழுவுக்குப்பின், 2008இலிருந்து, மத்திய அரசில் டி பிரிவையே எடுத்துவிட்டு அவர்களைப் பல்பணி ஊழியர்கள் என்று சி பிரிவில் சேர்த்தார்கள். தமிழகத்தில் பியூன் அலுவலக உதவியாளர் ஆனார்.

பாகிஸ்தானில் நடந்த மாற்றம்தான் உருது இலக்கியம் அறிந்தவர்களைப் புன்னகைக்க வைப்பது. அங்கே அரசு அலுவலகங்களில் சப்ராசியின் அதிகாரபூர்வப் பெயர் நாயிப் காஸித், துணைத் தூதன். காஸித் என்பவன் கஸலின் நிரந்தரப் பாத்திரம். காதலனின் கடிதத்தை எடுத்துப்போகிறவன். போனவன் திரும்பாமல் போவதும், போன இடத்தில் தானே மனம் பறிகொடுப்பதும் கவிஞர்கள் சலிக்காமல் பாடியவை. மீரும் காலிப்பும் வளர்த்த ஒரு சொல்லைக் கோப்பு சுமப்பவருக்குச் சூட்டிய அதிகாரி யாரோ, அவர் இலக்கியம் படித்தவராகத்தான் இருந்திருக்கவேண்டும். ஆயினும் தெருவில் அவர் இன்னும் சப்ராசிதான்.

பெயர் மாறாமல் தங்கிவிட்டவையும் உண்டு. சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதிகளுக்கு முன்னால் செங்கோல் ஏந்தி நடப்பவர் இன்றும் சோப்தார். பாரசீகத்தில் கோல் தாங்குபவர். கீழ்நீதிமன்றங்களில் மசால்ஜி என்ற பதவி உண்டு. தீப்பந்தம் பிடிப்பவர் என்று பொருள். மின்விளக்கு வந்து எத்தனையோ காலமாகியும் அந்தப் பெயரில் ஆள் எடுத்துவந்தார்கள். ஆங்கிலத்தின் ஆர்டர்லி உருதுவில் அர்தலி ஆயிற்று. காவல்துறை அதிகாரிகளின் வீடுகளில் ஆர்டர்லி வைத்துக்கொள்வதைத் தமிழக அரசு 1979இல் ஆணை பிறப்பித்து ஒழித்தது. 2022இல் அதே வழக்கத்தை ஒழிக்கச் சொல்லிச் சென்னை உயர்நீதிமன்றம் மறுபடி கண்டிக்கவேண்டியிருந்தது. இடைப்பட்ட 43 ஆண்டுகளைப் பற்றித் தனியாக எழுதலாம்.

மூன்றாவது இணைக்கு இப்போது வருகிறோம். ஸ்பானியர் தம் பெயோனை வேறொரு கடல் தாண்டிக் கொண்டுபோனார்கள். மெக்சிகோவின் பண்ணைகளில் பெயோன் என்றால் நிலவுடைமையாளரிடம் கடன்பட்டு, கடன் தீரும்வரை வேலை செய்யக் கட்டுண்டவன். கடன் பெரும்பாலும் தீர்வதில்லை. 1848இல் மெக்சிகோவின் வடபகுதி அமெரிக்காவின் கைக்கு மாறியபோது நியூ மெக்சிகோ பிரதேசத்தோடு இந்தப் பழக்கமும் சேர்ந்து வந்தது. அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தபின் 1867இல் அமெரிக்கப் பாராளுமன்றம் பீயனேஜ் என்று பெயர் சொல்லியே இதைத் தடை செய்தது. ஆனால் தென்மாநிலங்கள் வேறு வழி கண்டுபிடித்தன. முன்பணம் வாங்கிக்கொண்டு வேலையை விட்டுப் போகிறவன் மோசடிக்காரன் என்று சட்டம் செய்தார்கள். ஆலபாமாவில் பெய்லி என்ற கறுப்பின உழைப்பாளி 15 டாலர் முன்பணம் வாங்கி, மாதம் 12 டாலருக்கு ஓராண்டு வேலை செய்ய ஒப்புக்கொண்டார். ஒரு மாதமும் சில நாள்களும் கழிந்தபின் நின்றுவிட்டார். அபராதமும் வழக்குச் செலவும் கட்ட முடியாததற்கு அவருக்குக் கிடைத்தது 136 நாள் கடும் உழைப்பு. 1911இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் ஹியூஸ். மாபெரும் நீதிபதி என்று கொண்டாடப்படும் ஹோம்ஸ் அதிலிருந்து மாறுபட்டார் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அமெரிக்க ஆங்கிலத்தில் பீயான் என்ற சொல்லுக்குள் கிடப்பது இந்த மனிதன். அவனிடம் வில்லை இல்லை, வார் இல்லை, கதவு இல்லை. அவனைச் சப்ராசி என்று பெயர்க்க முடியாது; பியாதா என்றும் முடியாது. உருதுவில் பேகார் என்ற சொல் உண்டு. கூலியின்றி வலிந்து வாங்கும் வேலைக்குப் பெயர் அது. இந்திய அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு அந்தச் சொல்லை அப்படியே ஆங்கில வாசகத்துக்குள் ஏற்றித் தடை செய்திருக்கிறது. அதுகூட முழுதாகப் பொருந்தாது. பேகாரில் கடன் இல்லை. பீயானின் விலங்கே கடன்தான்.

பஞ்சாபின் செங்கல் சூளைகளில் அதற்கு நேரான சொல் இருக்கிறது. பெஷ்கி. பெஷ் என்றால் முன். பெஷ்கி என்றால் முன்பணம். மகள் திருமணத்துக்கோ மருத்துவத்துக்கோ சூளைக்காரரிடம் பெஷ்கி வாங்கிய குடும்பம், குழந்தைகள் உட்பட, மண் குழைத்துக் கல் அறுத்துக்கொண்டே இருக்கும். கணக்கு முன்ஷியின் நோட்டில் வளர்ந்துகொண்டே இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அந்த நோட்டைச் சரிபார்ப்பது எப்படி? 1988இல் சூளைத் தொழிலாளர்களிடமிருந்து வந்த ஒரு தந்தியையே மனுவாக ஏற்றுப் பாகிஸ்தான் உச்சநீதிமன்றம் விசாரணை நடத்தியது. இந்தியாவில் இதற்கு முன்பே, 1976இல், கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்திருந்தது. அந்தச் சட்டம் நாடெங்கும் இந்த வழக்கத்துக்கு இருந்த பெயர்களை வரிசையாக எழுதிவைத்திருக்கிறது. படியாள், பண்ணையாள், வெட்டி என்ற நம் சொற்கள் அதில் உண்டு. சேவக் என்பதும் உண்டு. பாகிஸ்தான் 1992இல் தன் சட்டத்தைச் செய்தது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அந்தச் சட்டத்தின் வரையறைப் பகுதியில் அட்வான்ஸ் என்ற ஆங்கிலச் சொல் வருகிறது. அது மட்டும் போதாதென்று, அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பெஷ்கி என்று எழுதியிருக்கிறார்கள்.